பார்க்காமல் விட்ட இடம்

(நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படிக்கலாம்.)

சென்ற மாதம் ஓர் ஆய்வுக் கட்டுரையை அனுப்ப வேண்டிய இறுதி நாளுக்கு நான்கு நாள்கள் முன்பாக, அதை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். கட்டுரை எழுதி முடிந்திருந்தது, அட்டவணைகள் நிறைந்திருந்தன, முடிவுகளும் நன்றாகவே இருந்தன. "பிறகு ஏன்?" என்று ஆய்வகத் தோழர்களும், இத்துறைக்கு வர விரும்பும் சில மாணவர்களும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுப் பதிலையும் ஒருமுறை எழுதிவைத்துவிடுவது நல்லது என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

பெங்களூருவில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். என் ஆய்வுப் பொருளை ஒரே வரியில் சொல்வதானால்: ஒரு படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை நரம்பு வலையமைப்புக்குக் கற்பிப்பது. பார்க்கத் தேவையில்லாத இடங்களில் கணக்கீட்டைச் செலவழிக்காமல், தேவையான இடங்களை மட்டும் உற்று நோக்கி, படத்தில் என்னென்ன இருக்கின்றன என்று அது சொல்ல வேண்டும்.

கணினிக்குத்தான் களைப்பே கிடையாதே, படம் முழுவதையும் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. களைப்பு இல்லைதான், ஆனால் செலவு உண்டு. நாம் வகுப்புகளில் பயிலும் வலையமைப்புகள் பலவும் படத்தை 224க்கு 224 படப்புள்ளிகளாகச் சுருக்கி உள்வாங்குபவை. மொத்தம் 50,176 புள்ளிகள். ஒரு வண்டியின் முன்கண்ணாடியில் பொருத்திய சாதாரணக் கேமரா தருவதோ 1920க்கு 1080. அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள், ஏறத்தாழ 41 மடங்கு. சுருக்கிக் கொடுத்தால் வேலை எளிதாகும். ஆனால் அப்படிச் சுருக்கும்போது, 40 புள்ளி உயரத்தில் தெரிந்த ஓர் ஆள் எட்டுப் புள்ளி உயரத்துக்குக் குறைந்துவிடுவார். எட்டுப் புள்ளியில் மனிதரையும் மரக்கிளையையும் பிரித்தறிவது எவருக்கும் கடினம்.

சுருக்காமல் கொடுத்தால் என்ன ஆகும்? 2020இல் வெளிவந்த விஷன் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். அது படத்தை 16க்கு 16 புள்ளி கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மற்ற எல்லாத் துண்டுகளோடும் ஒப்பிடுகிறது. 224 அளவுள்ள படத்தில் 196 துண்டுகள், ஒப்பீடுகள் 38,416. முழு அளவுப் படத்தில் துண்டுகள் சுமார் 8,100, ஒப்பீடுகள் 6.5 கோடிக்கு மேல். வண்டியில் பொருத்தக்கூடிய சிறு கணினி இத்தனையையும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் செய்து முடிக்கக் காலமும் வேண்டும், மின்சாரமும் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. விடை பிந்தி வந்தால் அதனால் பயனில்லை.

இந்தச் சிக்கலுக்கு இயற்கை கண்ட வழி நம் முகத்திலேயே இருக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த அகலத்துக்குள் விழுவதை மட்டுமே நம் கண் மிகக் கூர்மையாகக் காண்கிறது. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழிக்குத்தான் அந்தக் கூர்மை. அதைச் சுற்றியுள்ள பரப்பெல்லாம் மங்கல். விழித்திரையில் 12 கோடிக்கும் மேற்பட்ட ஒளி உணர் செல்கள் இருக்க, மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் உள்ள இழைகள் சுமார் 10 லட்சம்தான். ஆகவே கண் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாவித் தாவி, அடுத்து எங்கே பார்ப்பது என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது. முழுக் காட்சியையும் தெளிவாகக் காண்கிறோம் என்ற நம் எண்ணம், அத்தாவல்களைச் சேர்த்து மூளை கட்டியெழுப்பும் ஒன்று.

அந்தத் தாவல்கள் தற்செயலானவை அல்ல. ரஷ்ய அறிஞர் ஆல்ஃபிரட் யார்பஸ், ஓவியர் ரேப்பினின் ஓர் ஓவியத்தைக் காட்டி, பார்ப்பவரின் கண் எங்கெங்கே செல்கிறது என்று பதிவு செய்தார். நாடு கடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்பும் காட்சி அது. படத்திலுள்ளோரின் வயது என்ன என்று கேட்டபோது கண்கள் முகங்களை நாடின. அக்குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன என்று கேட்டபோது உடையையும் அறைப் பொருள்களையும் நாடின. 1967இல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய நூல் இன்றும் எங்கள் துறையில் படிக்கப்படுகிறது. கேட்கப்படும் கேள்வி மாறினால் பார்க்கும் இடமும் மாறும் என்பதே அதன் சாரம். இந்த வரியைப் பல முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

கணினிக்கு இதைக் கற்பிக்கும் முயற்சி புதிதல்ல. 1998இல் இட்டி, காக், நீபர் ஆகிய மூவரும் நிறம், ஒளிச்செறிவு, கோடுகளின் சாய்வு ஆகியவற்றில் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டு நிற்கும் இடங்களைக் கண்டறியும் மாதிரி ஒன்றை வெளியிட்டார்கள். பச்சைக்கு நடுவே சிவப்பு இருந்தால் கண் அங்கே போகும் என்பது போன்ற விதிகள் அதில் உண்டு, கற்றல் இல்லை. 2014இல் மினி என்பவரும் அவருடைய குழுவினரும் வேறொரு வழியைக் காட்டினார்கள். வலையமைப்பு படத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் பெறும். நடுவில் தெளிவாகவும் ஓரங்களில் மங்கலாகவும் பெறும். அதை வைத்து அடுத்து எங்கே பார்ப்பது என்று தானே முடிவு செய்யும். இவ்வாறு சில நோட்டங்களுக்குப் பிறகு விடை சொல்லும். படம் எவ்வளவு பெரிதானாலும் செலவு நோட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததே.

இன்று 'கவனம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் 2017இல் ஆஷிஷ் வாஸ்வானி முதலியோர் எழுதிய டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை நினைவுக்கு வரும். மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன். அந்தக் கவனம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எதற்கு எவ்வளவு எடை என்று நிர்ணயிப்பது. அதில் செலவு குறையாது. நான் பேசுவது, பார்ப்பதற்கு முன்பே 'இது வேண்டாம்' என்று விலக்கும் கவனத்தைப் பற்றி.

இதில் ஒரு கடினம் உண்டு. படத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு விடைத்தாள் இருக்கிறது; எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு விடைத்தாள் கிடையாது. எனவே வலுவூட்டல் கற்றலின் துணை வேண்டியிருக்கிறது. வலையமைப்பு ஏதோ ஓரிடத்தைப் பார்க்கிறது. விடை சரியானால் பரிசு, தவறானால் ஒன்றுமில்லை. பரிசு கிடைத்த பார்வைகள் மெல்ல மெல்லப் பழக்கமாகின்றன. பிள்ளைகளுக்குப் பழக்கம் கற்பிக்கும் முறைதான். எதற்குப் பரிசு தருகிறோம் என்பதில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும் என்பார்கள். அந்த அறிவுரை எனக்கும் பொருந்தும் என்று அப்போது நினைக்கவில்லை.

சாலைக் காட்சிகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்த ஊர்தான். நம் சாலைகளைப் பற்றி ஆராய, ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இந்தியா டிரைவிங் டேட்டாசெட் என்ற தரவுத்தொகுப்பு இருக்கிறது. ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களிலும் சுற்றுப்புறங்களிலும் 182 பயணங்களில் எடுத்த 10,004 படங்களில் ஒவ்வொரு பகுதியும் இன்னதென்று 34 வகைகளாகக் குறிக்கப்பட்டுள்ளது. இதைப் பற்றிய கட்டுரை 2019இல் வெளிவந்தது. இதற்கு முன் எல்லோரும் பயன்படுத்திய சிட்டிஸ்கேப்ஸ் தொகுப்பு பெரும்பாலும் ஜெர்மானிய நகரங்களின் வீதிகளைக் கொண்டது. அங்கே சாலைக்கும் நடைபாதைக்கும் எல்லை தெளிவாக இருக்கும். இங்கே ஆட்டோ ரிக்ஷாவுக்குத் தனி வகை வேண்டும், விலங்குகளுக்கு வேண்டும், தார்ச்சாலையை ஒட்டி, தேவைப்பட்டால் வண்டியை இறக்கிவிடக்கூடிய மண்தரைக்கும் ஒரு வகை வேண்டும். இந்தத் தொகுப்பில் அவை உண்டு. அந்த வகைப் பட்டியலை முதன்முதலாகப் படித்தபோது நம் தெருவை யாரோ உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன்.

என் வலையமைப்பு முதலில் படத்தின் சிறு நகலை ஒருமுறை மேலோட்டமாகப் பார்க்கும். பிறகு முழுத் தெளிவுள்ள படத்தில் நான்கு இடங்களை மட்டும் தேர்ந்து உற்று நோக்கும். அவ்வளவே. படத்தின் பெரும்பகுதியைத் தொடாமலே, முழுப் படத்தையும் பார்க்கும் வலையமைப்புக்கு மிக அருகில் வந்துவிட்டது. துல்லிய வேறுபாடு சொற்பம். சேமிப்பு மிகப் பெரிது. கட்டுரையின் தலைப்பிலேயே 'இழப்பின்றி' என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்திருந்தேன்.

அந்த வாரம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். தருமபுரி–பெங்களூரு தடத்தில் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார். மத்திகெரேயில் என் வாடகை வீட்டில் மாலை வேளையில் அவருக்குப் பொழுது போகவில்லை. தோழர் ஒருவர் தம் காரில் கைபேசியைப் பொருத்தி ஓசூர் சாலையில் எடுத்த காணொளியில் என் வலையமைப்பை ஓட்டி, அது பார்க்கும் இடங்களை மஞ்சள் கட்டங்களாகக் காட்டும் ஒரு செய்முறைப் படத்தைத் தயாரித்திருந்தேன். மகளின் படிப்பு என்னவென்று அவருக்கும் தெரியட்டுமே என்று மடிக்கணினியில் காட்டினேன். சில்க் போர்டு, மடிவாளா என்று வண்டி போனது. அவருக்குத் தெரிந்த சாலை.

"இந்த மஞ்சக் கட்டம் என்ன பாப்பா?"

"அதுதான்ப்பா மெஷின் பாக்குற இடம். எல்லாத்தையும் பாக்காது. நாலு இடத்தை மட்டும் பாத்துட்டு ரோட்டுல என்னென்ன இருக்குன்னு சொல்லிடும்."

சிறிது நேரம் பேசாமல் பார்த்தார்.

"பெரிசு பெரிசாப் பாத்துக்கிட்டே போவுதே. பஸ்ஸு, லாரி, மறுபடியும் பஸ்ஸு."

"அதெல்லாம் இருக்கே, அதைத்தானே பாக்கும்?"

"பஸ்ஸு எங்க போயிடப் போவுது? நிக்கிற பஸ்ஸுன்னா அதுக்கு அடியில பாக்கணும். அந்தாண்ட நடக்கிறவங்க காலு தெரியும். காலு தெரிஞ்சா ரெண்டு செகண்டுல ஆளு முன்னாடி வரும்."

காணொளியைப் பின்னோக்கி நகர்த்தச் சொன்னார். மடிவாளாவில் வலப்புறம் நின்றிருந்த பேருந்தின் அடியில், சக்கரங்களுக்கு நடுவே, இரண்டு கால்கள் தெரிந்தன. மஞ்சள் கட்டம் பேருந்தின் பின்புற விளம்பரத்தின் மேல் இருந்தது. அடுத்த சில சட்டகங்களில் ஒரு பெண் பையுடன் பேருந்தின் முன்புறத்திலிருந்து வெளிப்பட்டார். அப்போதும் கட்டம் பேருந்தை விட்டு நகரவில்லை. அவர் இருப்பதாக வலையமைப்பு சொல்லவே இல்லை.

"புதுசா ஸ்டியரிங் புடிக்கிறவன் இப்படித்தான் பாப்பான். முன்னாடி போற வண்டியோட பின்பக்கத்தையே பாத்துக்கிட்டு இருப்பான்" என்றார் அப்பா. பிறகு தேநீர் கேட்டார்.

அவர் இயல்பாகச் சொன்னது ஆய்வுலகில் பதிவான செய்தி. 1972இல் மௌரண்ட், ராக்வெல் என்ற இருவர், புதிய ஓட்டுநர்களின் பார்வை வண்டிக்கு அருகிலேயே குறுகிய பரப்பில் சுழல்வதையும், அனுபவசாலிகளின் பார்வை தொலைவிலும் பக்கவாட்டிலும் விரிவதையும் அளந்து காட்டினார்கள். 1994இல் லேண்ட், லீ இருவரும் வளைவில் திரும்பும் ஓட்டுநரின் கண் வளைவின் உட்கரையில் ஒரு குறிப்பிட்ட புள்ளியை நாடுவதைக் கண்டறிந்தார்கள். இரண்டு கட்டுரைகளையும் நான் படித்திருக்கிறேன். என் முன்னுரையில் மேற்கோளாகவும் இருந்தன. படித்ததை என் வலையமைப்போடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அப்பா ஊருக்குப் போன பின், முழுப் படத்தையும் பார்க்கும் வலையமைப்பு கண்டறிந்து, என் வலையமைப்பு தவறவிட்ட சட்டகங்களை மட்டும் தனியே எடுத்தேன். இரண்டு இரவுகள் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கார்களும் பேருந்துகளும் அவற்றில் அரிதாகவே இருந்தன. நின்ற வண்டிகளுக்கு இடையிலிருந்து வெளிப்படுவோர் இருந்தார்கள். சாலை நடுத்தடுப்பின் மேல் உட்கார்ந்திருப்போர் இருந்தார்கள். தள்ளுவண்டியின் மறைவில் பாதி தெரியும் ஒரு சிறுவன். தடுப்பை ஒட்டிப் படுத்திருந்த மாடு. அதிகாலைச் சட்டகங்களில், குனிந்து சாலையோரம் பெருக்கும் பௌரகார்மிகர்கள். பெங்களூருவில் துப்புரவுப் பணியாளர்களுக்கு அதுதான் பெயர். நிமிர்ந்து நடக்கும் மனிதர்களை ஓரளவு கண்டுகொண்ட என் வலையமைப்பு, குனிந்தவர்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று எண்ணிப் பார்த்ததில் மூன்று காரணங்கள் தெளிந்தன. இளைய ஆய்வாளர்களுக்குப் பயன்படும் என்பதால் விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, பரிசு. ஒரு சட்டகத்தில் உள்ள வகைகளுள் எத்தனையைச் சரியாகச் சொன்னது என்பதற்கே நான் பரிசு அளித்தேன். கார் ஏறத்தாழ எல்லாச் சட்டகங்களிலும் உண்டு. மாடு எப்போதோ ஒருமுறை. எப்போதும் இருப்பதை நாடிச் சென்றால் எப்போதும் பரிசு. அரிதானதைத் தேடிச் செல்வது வலையமைப்புக்கு நட்டக் கணக்கு. நான் எழுதிய கணக்கை அது பிழையின்றிக் கற்றுக்கொண்டது.

இரண்டாவது, முதல் நோட்டம். எங்கே உற்று நோக்குவது என்பதைச் சிறு நகலை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. முன்பு சொன்ன எட்டுப் புள்ளி மனிதர் அந்த நகலில் கிட்டத்தட்ட இல்லை. தெளிவான பார்வை எவருக்கு மிகவும் தேவையோ, அவரே மங்கலான நகலில் காணாமல் போகிறார். சிறியவற்றைக் காண்பதற்கென்று உருவாக்கிய முறையின் வாயிலிலேயே சிறியவை தடுக்கப்படுகின்றன.

மூன்றாவது, கற்றலின் தன்மை. பார்த்த இடத்திலிருந்துதான் பாடம் கிடைக்கும். தவறுக்குத் தண்டனை கிடைத்தாலும், எங்கே பார்த்திருக்க வேண்டும் என்பதை அத்தண்டனை சொல்வதில்லை. தற்செயலாக அந்த இடத்தில் பார்வை விழுந்து, பரிசு கிடைத்தால்தான் உண்டு. பயிற்சி முற்ற முற்றப் பார்வை பழகிய இடங்களிலேயே படிகிறது, தற்செயல் குறைகிறது. பார்க்காத இடத்தில் ஒன்றுமில்லை என்ற முடிவு, பார்க்காததாலேயே உறுதிப்படுகிறது.

இம்மூன்றும் தொழில்நுட்பக் குறைகள். நான்காவதாக ஒன்று உண்டு. அது என்னுடையது. ஆறு வாரங்களுக்கு முன்பு அட்டவணை தயாரித்தபோது, 'ஆள்' என்ற வகையின் எண் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்ததைப் பார்த்தேன். தரவுத்தொகுப்பில் நடந்து செல்லும் ஆளும், இருசக்கர வண்டியில் செல்பவரும் தனித்தனி வகைகள். அட்டவணை பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு, இரண்டையும் 'சாலைப் பயனர்' என்று ஒரே வரிசையாக்கினேன். இருசக்கர வண்டிக்காரர்களை வலையமைப்பு நன்றாகவே கண்டது. வரிசையின் எண் உயர்ந்தது. ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பார்க்க விரும்பாததை எப்படிப் பார்க்காமல் இருப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. வலையமைப்பு செய்ததும் அதுவே.

நெறியாளரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அந்த வரிசையைப் பிரித்து எழுதினால் கட்டுரையை அனுப்பலாம். முடிவு உன்னுடையது" என்றார். தோழர்களும், குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு பத்தி சேர்த்தால் போதும் என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். நேர்மையான யோசனைதான். ஆனால் வரிசையைப் பிரித்தபின் தலைப்பு பொய்யாகிவிடுகிறது. 'இழப்பின்றி' என்று மேலே எழுதி, ஒன்பதாம் பக்கத்தில் மனிதர்களை இழந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைப்பை மாற்றினால் கட்டுரையில் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. நான்கு நாள்களில் புதிய கட்டுரை எழுத இயலாது. எனவே அனுப்பவில்லை.

துறையின் வரலாற்றில் இது தனித்த நிகழ்ச்சி அல்ல. 2017இல் ராம்பிரசாத் செல்வராஜுவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கிராட்-கேம் என்ற முறை, வலையமைப்பு எதை வைத்து ஒரு விடைக்கு வந்தது என்பதைப் படத்தின் மேல் வண்ணமாகக் காட்டுகிறது. இன்று எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறோம். 2018இல் அமெரிக்காவில் மார்பு எக்ஸ்-ரே படங்களில் நிமோனியாவைக் கண்டறியும் வலையமைப்பை ஆராய்ந்தவர்கள், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை அது அறிந்துகொள்வதையும், படத்தின் மூலையில் உள்ள உலோகக் குறியீடு போன்றவையும் அதற்குக் குறிப்பாக அமைவதையும் கண்டார்கள். வேறு மருத்துவமனைகளின் படங்களைக் கொடுத்தபோது துல்லியம் பல ஒப்பீடுகளில் குறைந்தது. அங்கே பார்க்கத் தேவையில்லாத இடத்தைப் பார்த்ததால் தவறு. இங்கே பார்க்க வேண்டிய இடத்தை விட்டதால் தவறு. முதல் வகைத் தவறு வண்ணமாகத் திரையில் தெரியும். இரண்டாம் வகையைக் காட்ட வண்ணம் கிடையாது. யாரேனும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

பெங்களூருவிலேயே இதற்கு உதவும் பணி நடந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். பி. அருணின் பார்வை ஆய்வகம், மனித மூளையும் ஆழ்கற்றல் வலையமைப்புகளும் காட்சிகளை எவ்வாறு வேறுபட்டுக் காண்கின்றன என்று தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. நாம் முதலில் முழு வடிவத்தையும் பிறகு நுண்கூறுகளையும் காண்கிறோம். வலையமைப்புகள் நுண்கூறுகளுக்கே முதன்மை தருகின்றன. காட்டைக் காணுமுன் மரத்தைக் காண்கின்றன. நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் 2021இல் வெளிவந்த கட்டுரையில் இது விளக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்பு, 2019இல், ஹரீஷ் கட்டி, மரியஸ் பீலன், அருண் ஆகியோர் இன்னும் எனக்கு நெருக்கமான கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒரு காட்சியில் காரோ மனிதரோ எங்கே இருக்கக்கூடும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள் என அளந்து, அந்த எதிர்பார்ப்பை வலையமைப்பின் கணிப்போடு இணைத்தார்கள். கண்டறிதல் மேம்பட்டது. பேருந்தின் அடியில் கால்களைத் தேடும் அப்பாவின் பழக்கம் இத்தகைய எதிர்பார்ப்புதான். அது படத்திலிருந்து வந்ததல்ல; பல ஆண்டுச் சாலையிலிருந்து வந்தது.

இந்த வழியில் இப்போது சென்றுகொண்டிருக்கிறேன். நிலைப்படங்களை அச்சிட்டு, எனக்குத் தெரிந்த சில ஓட்டுநர்களிடம், "இங்கே வண்டி ஓட்டினால் எங்கெங்கே பார்ப்பீர்கள்?" என்று கேட்டுக் குறிக்கச் சொன்னேன். விடைகள் ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்தேன். ஒத்துப்போகவில்லை. பேருந்து ஓட்டியவர் நிறுத்தத்தையும் வண்டிகளின் அடிப்பகுதியையும் குறித்தார். ஆட்டோக்காரர் சாலைக் குழிகளையும், கை காட்டக்கூடியவர்கள் நிற்கும் நடைபாதை ஓரத்தையும் குறித்தார். உணவு விநியோகம் செய்யும் இளைஞர், நின்ற கார்களின் கதவுகளை ஒவ்வொன்றாகக் குறித்தார். எது எப்போது திறக்கும் என்று தெரியாது என்றார். ஒருவருக்கு அது கூலி, ஒருவருக்கு உயிர். யார்பஸ் சொன்னது அப்போதுதான் விளங்கியது. எங்கே பார்ப்பது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. என்ன கேட்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. 'இந்தப் படத்தில் என்னென்ன உள்ளன?' என்று நான் கேட்டேன். 'இங்கே யாருக்கு அடிபடக்கூடும்?' என்று கேட்டிருக்க வேண்டும்.

ஓட்டுநர்கள் குறித்த இடங்களை வலையமைப்பின் முதல் நோட்டத்துக்குத் துணையாகச் சேர்த்திருக்கிறேன். நோட்டங்களில் ஒன்றைப் பழகிய இடங்களுக்கு வெளியே கட்டாயம் செலவழிக்கச் செய்திருக்கிறேன். அரிதான வகையைத் தவறவிட்டால் தண்டனை கூடுதல். மனிதர்களைத் தவறவிடுவது குறைந்திருக்கிறது, நீங்கிவிடவில்லை. சேமிப்பும் குறைந்திருக்கிறது. பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால் இது மோசமான முடிவு. சில இதழ்களின் மதிப்பீட்டாளர்களுக்கு இது பிடிக்காமலும் போகலாம். முனைவர் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகக்கூடும். உதவித்தொகைக்குக் கால வரம்பு உண்டு என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அந்தக் கவலை எனக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்பதிவைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. செலவைக் குறைக்கும் எந்த முறையும் ஏதோ ஒன்றைப் பார்க்காமல் விடுவதால்தான் குறைக்கிறது. அதில் தவறில்லை, நம் கண்ணும் அப்படித்தான் வாழ்கிறது. ஆனால் எவ்வளவு மிச்சம் என்று எழுதும் அட்டவணைக்குப் பக்கத்திலேயே, எதைப் பார்க்காமல் விட்டோம் என்று இன்னொரு அட்டவணை இருக்கட்டும். சராசரியாக்காமல், வகைகளைச் சேர்க்காமல். அதைத் தயாரிக்க இரண்டு இரவுகள் போதும். கணினிப் பார்வைக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்கவில்லை. கணக்கெடுப்பிலும் கள ஆய்விலும் இருக்கும் நண்பர்கள் தங்கள் துறையில் இது எப்படி என்று எழுதினால் அறிந்துகொள்வேன்.

நேற்று இரவு அப்பா தொலைபேசியில் அழைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டபின் வேறு ஒன்றையும் கேட்டார்.

"இப்ப பஸ்ஸுக்கு அடியில பாக்குதா?"

"பாதி நேரம் பாக்குதுப்பா."

"அப்ப இன்னும் லைசென்ஸ் குடுக்காத" என்றார்.